இசைத்தட்டும் ஓதுவார் நாவும்

சிவமயம்

திருமுறை ஓதுதல் சிவபுண்ணியங்களுள் தலையாயது என்பதில் சைவ நன்மக்களுக்குள் வேறுபாடு இல்லை. ஆயின், அவ்வோதுதலை மனிதர் நா செய்யாது ஒரு பொறி செய்யுமாயின், அதனையும் ஓதுதல் என்று கொள்ளலாமோ என்னும் வினா இக்காலத்தில் எழுந்துள்ளது. எம் உத்தரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிற் சிவாலயங்கள் பல உள. அவற்றுள் ஓதுவார் நின்று நாள்தோறும் பண்ணிசைக்கும் ஆலயங்கள் மிகச் சில. ஏனையவற்றில் மார்கழி வைகறையிலும் பிரதோட காலத்திலும் மதிற்சுவரிலோ மரக்கிளையிலோ கட்டிய ஒலிபெருக்கியே தேவாரமும் திருவெம்பாவையும் பாடுகின்றது. முன்னாளில் அதனைப் பாடுவித்தது கிராமபோன் தட்டு, பின்னர் ஒலிநாடா, அதன்பின் குறுந்தகடு, இந்நாளில் கைப்பேசி. கருவி மாறிற்றேயன்றி நிலை மாறவில்லை.

இதுபற்றி அன்பர்கள் இரு திறத்தராய் நின்று வழக்கிடுகின்றனர். ஒரு சாரார், "ஊரில் ஓதுவார் இல்லை, இருப்பினும் இத்துணை இனிமையாகப் பாடவல்லார் இல்லை, பொறி பாடுவதே போதும்" என்பர். மற்றொரு சாரார், "நாடக மேடையிலும் திரைப்படத்திலும் பழகிய குரல்களைத் திருக்கோயிலிற் புகவிடுதல் தகாது, பொறியை அகற்றுக" என்பர். இவ்விரு கூற்றும், இசைத்தட்டிற் பாடியவர் யாவர், அவர் எதனை எவ்வாறு பாடினர், அதனாற் சைவ உலகுக்கு விளைந்தது யாது என்பவற்றை ஆராயாது எழுந்தனவே. இசைவாணர் வரலாறு எழுதுவோரும் பெரும்பாலும் அவர்தம் வறுமை, மணவாழ்க்கை, ஊதியம், புகழ் என்பவற்றையே விரித்துரைத்துப் பாட்டை மறந்துவிடுகின்றனர். ஆதலின் இக்கட்டுரை, புகழ்பெற்ற இசைத்தட்டுப் பாடகர் சிலரது வரலாற்றைத் திருமுறை ஓதுதல் என்னும் ஒன்றனையே அளவுகோலாகக் கொண்டு ஆராய முற்படுகின்றது.

யாழ்முறி கூறும் நீதி

இவ்வாராய்ச்சிக்கு நாம் புறத்தே ஓர் அளவை தேடவேண்டுவதில்லை. சேக்கிழார் பெருமான் அதனை முன்னரே வகுத்துத் தந்துள்ளார். திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆளுடைய பிள்ளையாரின் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடன் சென்ற அடியார். திருத்தருமபுரத்தில் அவருடைய தாயின் வழிச் சுற்றத்தார், பதிகத்தின் சிறப்பு இவர் யாழினாலே பரவுகின்றது என்னும் பொருள்பட உரைத்தனர். அது கேட்டு நடுங்கிய பாணர், கருவியில் அடங்காத பதிகம் ஒன்று பாடியருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையாரும் அவ்வாறே பாடினார். யாழ் அதனைத் தாங்கவில்லை. பாணர், இக்கருவியைத் தீண்டியதன்றோ தம் பிழை என்று அதனை முறிக்க ஓங்கினார்.

பிள்ளையார் அடுத்துச் செய்ததே நாம் கருதற்பாலது. அவர் யாழை முறிக்க விடவில்லை. அதனைத் தம் கையில் வாங்கிப் பார்த்து, சிவசத்தியின் பெருமை முழுதும் இக்கருவியில் அடங்குமோ, இதனில் வந்த அளவிலே வாசிக்க என்று அருளி மீண்டும் பாணர் கையிற் கொடுத்தார். இதனால் பெறப்படும் நீதி இரண்டு. பதிகத்தின் முழுமை கருவியில் அடங்காது என்பது ஒன்று. அடங்காமைபற்றிக் கருவியை வெறுத்து எறிதல் கூடாது என்பது மற்றொன்று. பொறியே போதும் என்பார் முதல் நீதியை மறந்தனர். பொறியை அகற்றுக என்பார் இரண்டாவதை மறந்தனர். இனி, இசைத்தட்டு என்னும் கருவியில் வந்த அளவு எத்துணை என்பதைக் காண்போம்.

மூன்று நிமிட அளவு

இந்திய நாட்டில் இசைத்தட்டுக்கெனக் குரல்களைப் பதியும் வேலை 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவிற் பெருமளவில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் அது சென்னைக்கும் பரவியது. அரக்கொடு கற்பொடியும் கரியும் கலந்து வார்த்த அத்தட்டு நிமிடத்திற்கு ஏறக்குறைய 78 முறை சுழல்வது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். 1925-ஆம் ஆண்டளவில் மின்விசைப் பதிவு தோன்றும்வரை, பாடுவோர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று உரத்த குரலிற் பாடவேண்டியிருந்தது. மென்குரலும் நுண்ணிய குழைவும் அக்காலத் தட்டில் ஏறா.

இவ்வளவையைத் திருப்பதிகத்தோடு ஒப்பிட்டு நோக்குக. ஒரு பதிகம் பெரும்பாலும் பத்து அல்லது பதினொரு பாட்டு உடையது. பண்ணோடு அமைதியாகப் பாடினால் ஒரு பாட்டிற்கே இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். மூவர் தேவாரம் ஏறக்குறைய 8,250 பாட்டு. பக்கத்திற்கு ஒன்றாக அவற்றைத் தட்டில் ஏற்ற நாலாயிரத்து நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். எந்த வணிகர் அதனை மேற்கொள்வர்? ஆகவே மக்கள் முன்னரே அறிந்த சில பதிகங்களின் முதற்பாட்டு ஒன்றோ இரண்டோ தட்டில் ஏறின. முதற்பாட்டையே தேவாரம் எனக் கொள்ளும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது. பிள்ளையார் பதிகங்களில் இராவணனை அடர்த்து அருளிய வரலாறு கூறும் எட்டாம் பாட்டும், மாலும் அயனும் தேடிக் காணாமை கூறும் ஒன்பதாம் பாட்டும், ஓதுவார் பெறும் பயன் கூறும் திருக்கடைக்காப்பும் ஒரு முறைமைபற்றி அமைந்தன. அம்முறைமையை அறியாத செவிகள் பெருகின. இது பாடகர் குற்றமன்று, கருவியின் அளவு.

காஞ்சியில் இரு வழி

எம் மாவட்டத் தலைநகராகிய காஞ்சி, இவ்வாராய்ச்சிக்குத் தக்க சான்று ஒன்றைத் தன் அகத்தே கொண்டுள்ளது. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே புகழ்பெற்று விளங்கிய இசையரசி. குழலின்முன் நின்று பாடிய முதல் தலைமுறையினருள் ஒருவர். அவர் தங்கை காமாட்சி அம்மாளின் மைந்தர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934). தாளத்தில் நிகரற்றவர், பல பக்க வாத்தியங்கள் சூழ அமர்ந்து பாடியவர், கச்சேரி மேடையில் அருணகிரிநாதரின் திருப்புகழை அதன் சந்தமும் தாளமும் விளங்கப் பாடிப் பரப்பியவர். உத்தரமேரூரும் திருப்புகழ் பெற்ற தலமாதலின், அவர்பால் எம்மூரார்க்குத் தனி நன்றிக்கடன் உண்டு.

பெரியன்னை போலன்றி, நயினாப் பிள்ளையின் குரல் இசைத்தட்டில் ஏறவில்லை எனினும் அவர் இசை அழிந்ததோ எனின், இல்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை முதலிய மாணாக்கர் நாவில் அது நின்றது. காஞ்சியில் இளமையில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள், பின்னாளில் பெண்பாலார்க்கு அரிதெனக் கருதப்பட்ட தாள நுட்பங்களை மேடையிற் பாடிக் காட்டினார். தனகோடி அம்மாளின் குரலையோ தேய்ந்த தட்டுகளை ஆராய்வார் மட்டுமே இன்று நாடிக் கேட்கின்றனர். ஒரு குடும்பத்தில் தட்டிற் பதிந்த குரலும் உண்டு. பதியாத குரலும் உண்டு. பதியாதது ஆசிரிய மாணாக்க மரபால் வாழ்ந்தது. பதிந்ததற்கும் அத்தகைய மரபு வாய்த்த இடத்திலேயே உயிர் உண்டு. தட்டில் ஏறுதலே நிலைபேறு என்று எண்ணுவார் இதனை ஊன்றி நோக்குவாராக.

கொடுமுடிக் குரல்

தட்டினாற் பெரும்பயன் விளைந்தமைக்குச் சான்று கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். அவர் பிறந்த ஆண்டு 1908. பிறந்த ஊரோ மூவர் பாடலும் பெற்ற திருப்பாண்டிக்கொடுமுடி. சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயத் திருப்பதிகம் பாடியருளிய தலம். வறுமையில் வளர்ந்த சிறுமி இருப்பூர்தியிற் பாடினாள், அக்குரலைக் கேட்ட ஒருவர் நாடகக் குழுவிற் சேர்த்தார் என்னும் கதையைப் பலரும் பலவாறு கூறுவர். அக்கதையினும் நாம் கருதவேண்டுவது, ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பயின்ற குரல் அது என்பதே. அந்நாளைய பதிவுக் குழலுக்கு அத்தகைய குரலே ஏற்றது. நாடகப் பாடகர் பலர் இசைத்தட்டில் முன்னணியில் நின்றமைக்கு இது ஒரு காரணம்.

செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்து அவரோடு மேடையிலும் தட்டிலும் பாடிப் பெரும்புகழ் எய்தினார். கிட்டப்பா 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், முப்பது வயதும் நிரம்பாது மறைந்தார். அன்றுமுதல் அம்மையார் வெண்ணிற ஆடை பூண்டு, அணிகலன் துறந்து, மேடைக் காதற் பாட்டினின்று நீங்கினார். அதன்பின் அவர் குரல் பெரும்பாலும் முருகனையும் சிவனையும் பாடுதற்கே உரியதாயிற்று. 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண்வேடம் புனைந்து நடித்ததற்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றார் என்பதை எல்லாரும் எடுத்துரைப்பர். 1951-இல் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-இல் 'ஔவையார்' படத்திலும், 1965-இல் 'திருவிளையாடல்' படத்திலும் ஔவையாகவே மக்கள் மனத்தில் நின்று, 1980-இல் மறைந்தார்.

இவர் பாட்டின் சிறப்பு யாது? சொற்றெளிவே அதன் முதற் சிறப்பு. ஒவ்வோர் எழுத்தும் தன் மாத்திரையில் நின்று ஒலிக்கும்; இசையின்பொருட்டுச் சொல் சிதைவதில்லை. எழுத்தறியா மக்களும் கேட்ட மாத்திரத்தே பொருள் உணர்வர். அக்காலத்துக் கச்சேரிகளில் பொருள் விளங்காத மொழிகளிற் பாடுதலே உயர்வென்று கருதப்பட்டபொழுது, இக்குரல் தமிழ்ப் பத்திப் பாட்டைக் குடிசைதோறும் கொண்டு சேர்த்தது. இது சைவத்துக்குச் செய்த தொண்டு என்று கூறுதற்கு யாம் தயங்கோம். ஆயின், அவர் பாடியவை பெரும்பாலும் கீர்த்தனங்களும் விருத்தங்களுமே. பண்ணும் கட்டளையும் வழுவாத பதிக ஓதுதல் அன்று. அவர் பாட்டு மக்களைத் திருக்கோயில் வாயில்வரை அழைத்து வந்தது. உள்ளே சென்று ஓதவேண்டிய பதிகத்தை அவரிடம் எதிர்பார்த்தல் நம் பிழையாகும்.

ஓதுவார் மரபும் நந்தன் கதையும்

அவ்வாண்டிலேயே, சிறுத்தொண்டர் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடியில், தேவாரம் ஓதும் குடியிற் பிறந்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர். இளமையிலே திருமுறை பயின்று, பின் கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளையிடம் இசை கற்றார். 1936-இல் 'பட்டினத்தார்', 1938-இல் 'தாயுமானவர்', 1939-இல் 'மாணிக்கவாசகர்', 1942-இல் 'நந்தனார்' என அவர் திரையில் ஏற்ற முதன்மை வேடங்கள் அடியார் வேடங்களாகவே அமைந்தன. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராய் விளங்கி, தமிழிசை இயக்கத்துக்குத் தூணாய் நின்று, 1972-இல் மறைந்தார். ஓதுவார் குடியின் பயிற்சி அவர் குரலின் அடியில் நின்றது. விரைவின்றிச் சொல்லை நிறுத்திப் பாடுதலும், அடியின் முடிவில் பொருள் கெடாது இளைப்பாறுதலும் அம்மரபின் கொடை. வணிகத் தட்டிலும் அவை மறையவில்லை.

ஆயினும் ஈண்டு ஒரு தடை கூறாது செல்லுதல் ஆராய்ச்சி நேர்மையாகாது. நந்தனார் படங்களின் தட்டுகள் நாடெங்கும் பரவின. அவற்றால் பரவிய நந்தன் வரலாறு கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையைப் பின்பற்றியதேயன்றிச் சேக்கிழார் கூறியது அன்று. பெரிய புராணத்தில் ஆதனூர்த் திருநாளைப்போவாரைத் தடுக்கும் வேதியர் இலர். நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் அறுவடைக்கு ஆக்கித் தரவேண்டும் என்னும் கட்டளையும் இல்லை. அவரைத் தில்லைக்குச் செல்லாது நாள் கடத்துவித்தது, தம் பிறவிபற்றிய எண்ணத்தால் தாமே கொண்ட அச்சம். திருப்புன்கூரில் நந்தி விலகியதும், தில்லைவாழந்தணர் கனவில் இறைவன் ஏவியதும், எரியில் மூழ்கி முனிவராய் எழுந்ததுமே சேக்கிழார் வாக்கு. பாரதியார் தம் காலத்துச் சமுதாயத் துன்பத்தை நாடகமாக்கிக் காட்டினார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அஃது ஒரு தனி இலக்கியம். ஆனால் தட்டையே கேட்டு வளர்ந்த தலைமுறை இரண்டையும் வேறுபடுத்தி அறியாது, வேதியர் கதையே நாயனார் புராணம் என்று கொண்டது. எம் வட்டாரத்திலும் புராணச் சொற்பொழிவு கேட்க வருவோர், வேதியரைக் கூறாது விடின், கதையைக் குறைத்துவிட்டதாகவே எண்ணுகின்றனர். குரலின் இனிமை நூலின் உண்மையை மறைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இனிய பாட்டைக் கேட்டபின் மூல நூலை விரித்து ஒப்பிட்டறிதல் சைவர் கடன்.

தருமபுரத்துப் பதிவுகள்

மூன்று நிமிட எல்லை, நெடுநேரம் ஓடும் தட்டும் ஒலிநாடாவும் வந்தபின் நீங்கிற்று. அந்நிலையிற் பெரும்பணி செய்தவர் தருமபுரம் ப. சுவாமிநாதன். தருமபுர ஆதீனத்தின் ஓதுவார் மரபில் நின்ற அவர், தேவாரப் பதிகங்களைப் பெருந்தொகையாகப் பாடிப் பதிவு செய்தார். 2009-இல் அவர் மறைந்தபின்னும் அக்குரல் நாடெங்கும், கடல் கடந்த சைவர் இல்லங்களிலும் ஒலிக்கின்றது. நாடக இசையின் ஆரவாரம் அதில் இல்லை. கேட்பாரை மயக்கும் நோக்கமும் இல்லை. பண் இஃது, சொல் இஃது, பாட்டின் நடை இஃது என்று மாணாக்கர்க்குக் காட்டும் ஆசிரியர் குரல் அது. நட்டபாடையை நாட்டை என்றும், தக்கராகத்தைக் காம்போதி என்றும், சாதாரியைப் பந்துவராளி என்றும் நூலிற் படித்தறிதல் ஒன்று. அப்பண்ணிற் பதிகம் முழுவதும் செல்லும் நெறியைச் செவியால் அறிதல் வேறொன்று. பின்னதனை ஓதுவார் இல்லாத ஊரார்க்கும் இப்பதிவுகள் அளித்தன. யாழில் வந்த அளவு இங்கே மிக விரிந்தது எனலாம்.

இவ்விடத்திலேதான் நம் முதல் வினா முழு வலிமையோடு எழுகின்றது. பதிகம் முழுமையாயிற்று, பண் வழுவவில்லை, பாடியவரும் ஓதுவாரே. இனி அப்பதிவைத் திருக்கோயிலில் ஒலிப்பித்தால் ஓதுதல் நிறைவேறியதாகாதோ எனின், ஆகாது என்பதே எம் துணிபு. காரணம் கூறுவாம்.

கருவியும் கருத்தாவும்

வழிபாடு ஆன்மாவின் செயல். இச்சையும் அறிவும் செயலும் உடையது ஆன்மா. சடத்துக்கு இவை இல்லை. பொறி ஒலிக்கும், ஓதாது. ஓதுவார் நா அசையும்பொழுது அவர் உடலும் கரணமும் சிவபணியில் ஈடுபடுகின்றன. ஓதுந்தோறும் அவர்தம் உயிர் பக்குவம் எய்துகின்றது. பொறி ஆயிரம் முறை ஒலிப்பினும் பக்குவம் எய்துவார் அதனுள் ஒருவரும் இலர்.

திருக்கோயில் மணியும் சங்கும் சடமேயன்றோ, அவை வழிபாட்டிற்கு உரியன அல்லவோ எனின், அவை ஒருவர் கையாலும் வாயாலும் அப்பொழுது இயக்கப்படுவன. கருத்தா அங்கே நிற்கின்றான். மேளமும் சேமக்கலமும் மின்விசையால் தாமே முழங்கும் பொறிகள் இக்காலத்துக் கோயில்களில் வந்துள்ளன. அடிப்பார் இல்லாத முழக்கமும் பாடுவார் இல்லாத பாட்டும் ஓரினத்தன.

அற்றேல், பதிவால் ஒரு பயனும் இல்லையோ எனின், பயன் உண்டு. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானநெறியின் படிகள் நான்கென்று சித்தாந்த நூல்கள் வகுத்துரைக்கும். ஒலிப்பதிவு முதற்படியாகிய கேட்டலுக்குச் சிறந்த துணை. பிணியாளர், முதியோர், தொலைவில் வாழ்வோர் ஆகியோர்க்கு அஃது அருமருந்து. ஆயின் முதற்படியிலே நின்றுவிட்டு மாடம் ஏறினோம் என்று மகிழ்தல் பேதைமை. பிறர் ஓதியதைக் கேட்டோம் என்பதும், நாம் ஓதினோம் என்பதும் ஒன்றல்ல.

இதனை எம்மூர்க் கல்வெட்டே விளக்கும். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியன. வாரியத்துக்குத் தெரிந்தெடுக்கப்படுவார் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது முதலாக, கணக்குக் காட்டாதாரை விலக்குதல் ஈறாக எல்லாம் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் எழுத்து அழியவில்லை. ஆனால் அவ்வெழுத்து இருந்தும் அச்சபை நடக்கவில்லை. நடத்துவார் இல்லாமையின் அது மறைந்தது. கல் விதியைக் காத்தது, சபையைக் காக்கவில்லை. ஒலிப்பதிவும் அத்தகைய கல்வெட்டே. அது பண்ணைக் காக்கும். ஓதுதலைக் காத்தல் நம் கையில் உள்ளது.

திருமுறை கண்ட வரலாறும் இதனையே கூறுகின்றது. தில்லையில் ஏடுகள் கிடைத்தன. செல்லரித்தவை போக எஞ்சியவை நம்பியாண்டார் நம்பியாற் தொகுக்கப்பட்டன. ஆயினும் ஏட்டில் எழுத்து இருந்ததேயன்றிப் பண் விளங்கவில்லை. அதனை அறியத் திருவெருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் நாவையே நாடவேண்டியிருந்தது. இறைவன் திருவருளால் அவ்வம்மையார் பாடிக் காட்டியபின்னரே கட்டளைகள் வகுக்கப்பட்டன. பெண்கள் திருமுறை ஓதலாமோ என்று இன்றும் ஐயுறுவார், நாம் பெற்ற பண்முறை ஒரு பெண் நாவின் வழியே வந்தது என்பதை நினைவராக.

செய்யற்பாலன

வேந்தர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டிலே திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் அளித்த செய்தி காணப்படுகின்றது. முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக ஐம்பதின்மரை அமர்த்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான். பாடுவார்க்கு உணவு இருந்தமையின் பாட்டு இருந்தது. இக்காலத்தில் ஒலிபெருக்கிக்கும் மின்விசைப் பொறிக்கும் மனமுவந்து பொருள் அளிக்கும் உபயகாரர், ஓர் ஓதுவாரின் ஊதியத்துக்கு அளிப்பது அரிதாயிற்று. பெண்களும் ஓதுவாராக அமர்த்தப்படும் காலம் வந்துள்ளது, பயின்றவர் உளர், ஊரார் மனமே வேண்டும்.

ஆதலின் எம் வட்டாரத்துச் சைவ நன்மக்களுக்கு யாம் விண்ணப்பிப்பன மூன்று. ஒலிப்பதிவை ஆசிரியராகக் கொள்க, பணியாளாகக் கொள்ளற்க. வீட்டில், பள்ளியில், மாலைவேளையில் அதனைக் கேட்டுப் பயில்க. பயிலுதற்குப் பண்ணும் பதிக முழுமையும் உள்ள பதிவுகளையே தேர்க. இஃது ஒன்று.

பூசைக்காலத்திலே, சிறப்பாகத் தீபாராதனை வேளையிலே, பொறியை நிறுத்துக. ஒருவரேனும் வாய்திறந்து ஒரு பாட்டேனும் ஓதுக. குரல் இனிதன்று, பண் நிறைவுறவில்லை என்று நாணவேண்டா. தருமபுரத்திற் பாணரின் யாழிலும் பதிகம் நிறைவுறவில்லை. வந்த அளவிலே வாசிக்குமாறே அருள் கிடைத்தது. இஃது இரண்டு.

ஊர்தோறும் அவ்வூர்க்குரிய பதிகம் ஒன்றை அவ்வூரார் அனைவரும் நெட்டுருச் செய்க. காஞ்சியினின்று உத்தரமேரூர் வரும் வழியில், சேயாற்றங்கரையில் உள்ள திருமாகறலுக்குப் பிள்ளையார் சாதாரிப் பண்ணிற் பாடியருளிய பதிகம் உண்டு. வழிச்செல்வோர் பலர் அக்கோயிலை அறிவர். பதிகத்தை முழுதும் ஓதவல்லார் சிலரே. பதிவைக் கேட்டு ஒரு மாதத்திற் பதினொரு பாட்டையும் பயிலலாம். பதிகம் பெறாத ஊரார் தம் அண்மையிலுள்ள பாடல்பெற்ற தலத்தின் பதிகத்தைத் தமதாகக் கொள்க. இஃது மூன்று.

இவை செய்யாவிடின் நேரும் இழப்பு பெரிது. பொறிக்கு அழிவு உண்டு. அதனினும் பெரிய இடர் ஒன்று உளது. ஓதுவார் நா ஒழிந்தபின், பதிவில் உள்ளது பண் வழுவாததோ வழுவியதோ என்று அறியும் செவியும் ஒழியும். அந்நாளிற் கொடுமுடி அம்மையாரின் விருத்தத்திற்கும், தேசிகரின் கீர்த்தனத்திற்கும், சுவாமிநாதரின் பதிகத்திற்கும் வேறுபாடு காண்பார் இலராவர். எல்லாம் வெறும் ஒலியாகவே எஞ்சும். இப்பெரியோர் மூவரும் தத்தம் காலத்தில், தத்தம் கருவியில் வந்த அளவு பாடிச் சென்றனர். அவர்க்கு நாம் செய்யும் நன்றி, அவர் குரலைக் கேட்டு நம் நாவை எழுப்புதலே.

திருச்சிற்றம்பலம்